கையில் டோக்கன் உள்ள வண்டி

கிழக்குக் கரை ஸ்டேஷன் குவார்ட்டர்ஸ்
ஜூலை 6

என்னைப் பிளாட்பாரத்தில் ஓடவிட்ட ஸ்டேஷன் மாஸ்டர் அவர்களுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். கை கேட்கவில்லை, எழுதிவிட்டது. அதனால் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பெட்டியும் கையுமாக நான் ஓடி வந்ததை நீங்கள் பார்த்தீர்கள். பார்த்துக்கொண்டே பச்சைக் கொடியை ஆட்டினீர்கள். கார்டுகூட, "சார், அம்மா வர்றாங்க சார்!" என்று கத்தினார். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தீர்கள். டீக்கடைக்காரர் முதல் போர்ட்டர் வரை பிளாட்பாரமே சிரித்தது. அடுத்த வண்டி பிடித்து வந்து சேர்ந்தபோது கல்யாணம் முடிந்து பந்தியும் எழுந்துவிட்டது. பெண்ணின் சொந்த அத்தை நான்! நீங்களே நேரில் வந்து கூப்பிடாமல் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். அதற்கும் "லீவு சாங்ஷன் ஆகவில்லை" என்று பதில். நல்ல மனிதரைக் கட்டிக்கொண்டேன் போங்கள்.

இப்போது பாருங்கள் கூத்தை. துரைமார் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும்போது கோடு ஒன்றைக் கிழித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நேற்று ரேடியோவில் சொன்னார்கள். உங்கள் ஸ்டேஷனுக்கும் அண்ணன் ஸ்டேஷனுக்கும் நடுவில் ஓடும் ஆறுதான் எல்லையாம். அந்தக் காலத்தில் எந்தத் துரை எந்தக் கரையில் வரி வாங்குவது என்று அவர்களுக்குள் பிரித்துக்கொண்ட ஆறு. வரி வசூலுக்குப் போட்ட கோட்டில் இன்றைக்கு இரண்டு நாடு முளைத்துவிட்டது. கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தேன், அது வெளிநாடு ஆகிவிட்டது. உலகத்தில் எவளுக்காவது இப்படி நடந்திருக்குமா?

தபால் நின்றுவிட்டது. இந்தக் கடிதத்தை நம் கீமேன் பெரியவரிடம் கொடுத்தனுப்புகிறேன். தண்டவாளத்தைத் தட்டிப் பார்க்கச் சுத்தியலோடு பாலத்தைத் தாண்டி நடக்க அவரை மட்டும் இரண்டு ராணுவமும் விடுகின்றன. பாலம் யாருக்கு என்று சண்டை, ஆனால் பாலம் விழுந்துவிடக் கூடாது என்பதில் இருவரும் ஒற்றுமை.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவி


மேற்குக் கரை ஸ்டேஷன்
ஜூலை 11

என் மனைவிக்கு,

உன் ஜூலை 6 தேதிய கடிதம் கிடைத்தது. நான் நலம். கீழ்க்கண்டவற்றைத் தெரிந்துகொள்ளவும்.

அன்றைய வண்டி சரியான நேரத்துக்குப் புறப்பட்டது. ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவிக்காக வண்டியை நிறுத்தலாம் என்று ரூல் புத்தகத்தில் இல்லை. நிறுத்தியிருந்தால் அதே பிளாட்பாரம் வேறு மாதிரி சிரித்திருக்கும்.

இங்கே புதுக்கொடி ஏற்றினார்கள். எனக்குப் புதுத் தொப்பி கொடுத்தார்கள், தலைக்குப் பெரிது, காதில் உட்காருகிறது. புது நாட்டுக்குப் புது ரூல் புத்தகம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. துரைமாரின் பழைய புத்தகமேதான், அட்டையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். எனக்கு அதில் நிம்மதி.

ஒரு நல்ல செய்தி. நிலக்கரி வண்டிக்காக இரு நாடும் ஆகஸ்ட் கடைசித் தேதி வரை தற்காலிக ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அதில் ஒரு ஷரத்து: கையில் டோக்கன் உள்ள வண்டியைப் பாலத்தில் யாரும் நிறுத்தக்கூடாது, ஏறிச் சோதிக்கவும் கூடாது. இரண்டு தளபதிகளும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆகவே அந்த இரும்பு உருண்டைக்கும் எங்கள் தொழிலுக்கும் இன்னும் மரியாதை இருக்கிறது.

முறையான உத்தரவு வரும்வரை அங்கேயே பத்திரமாக இரு. சர்க்கரை டப்பா எங்கே?

இப்படிக்கு,
ஸ்டேஷன் மாஸ்டர்
(உன் வீட்டுக்காரன்)


கிழக்குக் கரை
ஜூலை 24

ரூல் புத்தகத்தின் வீட்டுக்காரருக்கு,

சர்க்கரை டப்பா அரிசிப் பானைக்குப் பின்னால். எறும்பு வரும், மூடி வையுங்கள்.

இனிமேல் எழுதுவது விளையாட்டு இல்லை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அண்ணன் ஸ்டேஷனுக்குப் பின்னால் கல்குவாரி இருக்கிறது அல்லவா. அங்கே கல் உடைப்பவர்களை மூன்று தலைமுறைக்கு முன்னால் உங்கள் கரையிலிருந்துதான் துரைமார் வண்டி வண்டியாக ஏற்றி வந்தார்கள். நீங்கள் நிற்கும் பிளாட்பாரக் கல்லும், நடுவில் இருக்கும் பாலத்தூணும் அவர்கள் உடைத்தவை. போன வாரம் இந்த ஊர் மைதானத்தில் ஒலிபெருக்கி கட்டி ஒரு தலைவர் பேசினார். "வந்தவங்க போகட்டும், மண்ணு மண்ணுக்காரனுக்கு!" என்று ஒரே கைத்தட்டல். மறுநாளே குவாரி வரிசைவீடுகளில் தீ. இப்போது அத்தனை பேரும் ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் குடியிருக்கிறார்கள். சாக்கைத் தொங்கவிட்டு வீடு வீடாகப் பிரித்திருக்கிறார்கள். அண்ணி பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சுகிறாள், நான் ஊற்றுகிறேன்.

அவர்களுக்குத் தலைவி மாதிரி ஒருத்தி. சம்மட்டி பிடித்துப் பிடித்துத் தோள் ஆம்பிளைத் தோள் ஆகிவிட்டது. எல்லோரும் சம்மட்டியக்கா என்கிறார்கள். நேற்று என்னிடம் கேட்டாள்: "ஏம்மா, தொரை கூட்டியாந்தப்ப எங்க தாத்தன்கிட்ட டிக்கெட் கேக்கல. இப்ப போன்னு சொல்றப்ப மட்டும் என்னமோ காயிதம் கேக்குறானே, இது என்ன நியாயம்?" உங்களுக்குப் பதில் தெரிந்தால் எழுதுங்கள்.

ரேடியோவில் அறிவித்தார்கள். ஆகஸ்ட் கடைசித் தேதியன்று யார் எந்தக் கரையில் இருக்கிறார்களோ அந்த நாட்டில் பதிவு. ஆனால் கிழக்கு நாடு குவாரிக்காரர்களை மட்டும் பதியாதாம். அதற்குள் மேற்குக் கரைக்கு வந்துவிட்டால் அவர்கள் உங்கள் நாட்டுக்காரர்கள். வராவிட்டால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. லாரியில் ஏற்றிப் பாலைநிலத்தில் கம்பி வேலிக்குள் விடப் போகிறார்கள். பாலத்தில் நடந்து போகப் பார்த்த இரண்டு பேரைச் சுட்டுவிட்டார்கள். ஒருவன் பிழைத்தான்.

குவாரியின் ஜல்லி வண்டி இங்கே நிற்கிறது. இன்ஜின் இருக்கிறது, டிரைவரும் குவாரிக்காரர்தான். இல்லாதது டோக்கன் ஒன்றுதான்.

நான் என்ன கேட்கிறேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


மேற்குக் கரை
ஆகஸ்ட் 3

என் மனைவிக்கு,

புரிந்தது. முடியாது.

நீ ஸ்டேஷன் மாஸ்டர் மகள், ஸ்டேஷன் மாஸ்டர் தங்கை, ஸ்டேஷன் மாஸ்டர் பெண்டாட்டி. டோக்கன் இயந்திரம் பற்றி உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அங்கே ஒரு பெட்டி, இங்கே ஒரு பெட்டி, நடுவே ஒரு கம்பி. இங்கே நான் சாவியை அமுக்கிப் பிடித்தால்தான் அங்கே இரும்பு உருண்டை விழும். ஓர் உருண்டை வெளியே இருக்கும்வரை இரண்டு பெட்டியிலும் அடுத்தது விழாது. ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் ஒரு வண்டியும் விட முடியாது. எதிரும் புதிருமாக இரண்டு வண்டி மோதாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. நீ சொல்வதுபோல் நான் அமுக்கினால், அமுக்கியவன் நான் என்று நாடு முழுக்கத் தெரியும்.

இங்கேயும் நிலைமை சரியில்லை. நம் புக்கிங் கிளார்க், தங்கமான மனிதன், அவனே சொல்கிறான்: "அவங்க நம்ம ஆளுங்க இல்ல சார். மூணு தலைமுறை அங்க தின்னவங்க, இப்ப இங்க வந்து நம்ம வேலையப் பிடுங்குவாங்க." அந்தக் கரையில் 'வந்தவர்கள்', இந்தக் கரையில் 'போனவர்கள்'. எழுதும்போதே எனக்குத் தலை சுற்றுகிறது.

இத்துடன் உனக்கு ஓர் அனுமதிச் சீட்டு இணைத்திருக்கிறேன். மேற்குக் கரைக்காரனின் மனைவி என்ற முறையில் ஆகஸ்ட் 20 நிலக்கரி வண்டியில் கார்டு பெட்டியில் நீ வரலாம். மூன்று அலுவலகம் ஏறி இறங்கி வாங்கினேன். ஒரு கையெழுத்துக்காக மேஜிஸ்ட்ரேட்டின் பியூனுக்கு சலாம் போட்டேன், நான்! தயவுசெய்து வந்துவிடு. வீடு வீடாக இல்லை. இரவு ஸ்டவ் பற்றவைக்கத் தோன்றுவதில்லை.

உன்,
வீட்டுக்காரன்


கிழக்குக் கரை
ஆகஸ்ட் 12

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் பியூனுக்கு சலாம் போட்டதைப் படித்து அழுதுவிட்டேன். அண்ணி பயந்து ஓடி வந்தாள். உங்கள் கழுத்து வளையாது என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

ஆனாலும் சீட்டைத் திருப்பி அனுப்புகிறேன்.

கோபத்தில் அல்ல. கோபமெல்லாம் எப்போதோ போய்விட்டது. கஞ்சி வாங்க வரிசையில் நிற்பவர்கள் என் முகத்தைப் பார்த்து, "அம்மா இருக்கறப்ப நமக்கென்ன" என்கிறார்கள். அந்த வரிசையைத் தாண்டி நான் மட்டும் கார்டு பெட்டியில் ஏறி உட்கார வேண்டுமா? ஏறினாலும் உங்கள் வீட்டில் வந்து நிம்மதியாகச் சோறு தின்பேனா? தின்னமாட்டேன். உங்களையும் தின்ன விடமாட்டேன். என்னைத் தெரியாதா உங்களுக்கு?

அண்ணனிடம் பேசிவிட்டேன். அவருக்குப் பயம், பிள்ளைக்குட்டிக்காரர். "26 காலையில எனக்குக் காய்ச்சல் வரும்மா, நல்ல காய்ச்சல். இயந்திர ரூம் சாவி எப்பவும்போல ஆணியில தொங்கும். அவ்வளவுதான் நான் சொல்வேன்" என்றார். இதைச் சொல்லும்போதே அவருக்கு நெற்றி வேர்த்தது. பாவம், காய்ச்சல் முன்கூட்டியே வந்துவிட்டது.

அப்பா டியூட்டி பார்க்கும்போது பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து மணி அடித்துப் பழகியவள் நான். 26 காலை, நிலக்கரி வண்டி போனபிறகு, கம்பி வழியே உங்களுக்கு மணி அடிப்பேன். லைன் கேட்பேன். நீங்கள் சாவியை அமுக்கினால் உருண்டை விழும். அமுக்காவிட்டால் விழாது. நடுவில் வேறு யாரும் இல்லை, நீங்களும் நானும்தான்.

துரை போய்விட்டான். இனிமேல் யார் எங்கே போகலாம் என்பதை நாம்தானே சொல்ல வேண்டும்? அதற்குத்தானே இத்தனை கொடியும் பாட்டும்? அமுக்குவீர்களா, மாட்டீர்களா? ஒரு வார்த்தை எழுதுங்கள்.

உங்கள்,
மனைவி


மேற்குக் கரை
ஆகஸ்ட் 17

கோபக்காரிக்கு,

ரூல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மறுபடி படித்தேன். எதிர் ஸ்டேஷன் லைன் கேட்டால், டோக்கனுக்குச் சம்மதம் கொடுக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: லைன் காலியா, இல்லையா. வண்டியில் இருப்பது நிலக்கரியா, ஜல்லியா, மனிதர்களா, அவர்கள் எந்த ஊர், யார் கூட்டி வந்தது என்று கேட்க எனக்கு அதிகாரம் கிடையாது. எழுதிய துரைக்கு இப்படி ஒரு நாள் வரும் என்று தோன்றியிருக்காது.

26 காலை லைன் காலியாக இருக்கும்.

புக்கிங் கிளார்க்கிடம் சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தான். சாயங்காலம் அவனாகவே வந்து, "சார், பழைய வேகன் ஷெட்டக் கூட்டி வைக்கவா? தண்ணிக் குழாய் ஒண்ணு ரிப்பேரா இருக்கு" என்றான். அவன் பேச்செல்லாம் வாயோடு சரி.

ஒரே ஒரு நிபந்தனை. அந்த வண்டியில் நீ வர வேண்டும். கடைசிப் பெட்டியில் நில், நான் பார்க்க வேண்டும்.

உன் வீட்டுக்காரன்


கிழக்குக் கரை
ஆகஸ்ட் 28

என்னங்க,

கடைசிப் பெட்டியில் தேடியிருப்பீர்கள். திட்டாதீர்கள், முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

26 காலை நான் அடித்த மணிக்கு நீங்கள் பதில் மணி அடித்தீர்கள். கடைசியில் ஒரு மணி கூடுதலாக அடித்தீர்கள். அப்படி ஒரு மணிக் குறி ரூல் புத்தகத்தில் இல்லை. அது என்ன மணி? உருண்டை 'டொக்'கென்று விழுந்தது. அதைத் தோல்பையில் போட்டு டிரைவர் கையில் கொடுத்தேன். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆனால் பெட்டிகள் போதவில்லை. எவ்வளவு நெருக்கியும் பாதிப் பேருக்கு இடமில்லை. வண்டி உங்களிடம் வந்து ஆட்களை இறக்கிவிட்டு, காலியாகத் திரும்பி வந்தால்தான் மீதிப் பேர் போக முடியும். திரும்பி வர டோக்கன் வேண்டும். அதற்கு இங்கே யாராவது சாவியை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அண்ணனுக்குக் காய்ச்சல். வேறு யாருக்கு அந்த வேலை தெரியும்? நீங்களே சொல்லுங்கள், நான் ஏறியிருக்க முடியுமா? சம்மட்டியக்காவும் ஏறவில்லை. "கடைசி ஆளு ஏறுன பெறவுதான் நான்" என்று கூட்ஸ் ஷெட் வாசலில் சம்மட்டியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வண்டி வந்து சேர்ந்த மணிக்காகக் காத்திருந்தேன். வரவே இல்லை. அதற்குள் சிப்பாய்கள் வந்து கம்பியை அறுத்துவிட்டார்கள். எல்லோரும் பத்திரமாக வந்து சேர்ந்ததைக் கீமேன் பெரியவர்தான் சொன்னார். அண்ணனை இழுத்துப் போய் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். கன்னம் வீங்கியிருக்கிறது. "காய்ச்சல்னு சொன்னேன், நம்பிட்டானுங்க" என்று சிரிக்கிறார். பயந்த மனிதர் என்று நினைத்திருந்தேன், பாருங்கள்.

இப்போது இங்கே இயந்திரம் வெறும் பெட்டி. எத்தனை அமுக்கினாலும் உருண்டை விழாது. டோக்கன் இல்லாத வண்டியைப் பாலத்தில் நிறுத்திச் சுடலாம், ஒப்பந்தமே அப்படித்தான். 31 சாயங்காலம் லாரிகள் வருகின்றன. இவர்களைத் தனியாக அனுப்ப எனக்கு மனசில்லை. பதிய வருபவன் கேட்டால் நானும் குவாரிக்காரி என்று சொல்லப் போகிறேன். வேலிக்குள் போனாலும் அங்கேயும் யாராவது கஞ்சி ஊற்ற வேண்டும், எழுதப் படிக்கத் தெரிந்தவள் ஒருத்தி உத்தரவுகளைப் படித்து எதிர்த்துப் பேச வேண்டும். நான் பேசுவேன். என் வாய் உங்களுக்குத் தெரியும்.

பெரியவருடைய பாஸும் மாதக் கடைசியோடு முடிகிறது. அதனால் ஒருவேளை இதுதான் கடைசிக் கடிதம். கம்பளி பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. மழைக்காலத்தில் உங்களுக்கு மூச்சு இழுக்கும், மறந்துவிடாதீர்கள். ஸ்டவ்வைப் பற்றவையுங்கள். ஒரு ஆளுக்குத்தானே என்று சும்மா படுக்கக் கூடாது.

என்மேல் உங்களுக்கு வருத்தம் இருக்கும். எனக்கு உங்கள்மேல் இல்லை. நீங்கள் சாவியை அமுக்கினீர்கள். அது எனக்குப் போதும்.

என்றும் உங்கள்,
மனைவி


மேற்குக் கரை
ஆகஸ்ட் 29

என் கோபக்காரிக்கு,

கீமேன் பெரியவர் பிளாட்பாரத்தில் காத்திருக்கிறார், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

26 அன்று வண்டி வந்து நின்றதும் டிரைவர் உருண்டையை என் கையில் கொடுத்தார். ரூல்படி நான் அதை உடனே இயந்திரத்தில் போட்டு, வண்டி வந்து சேர்ந்தது என்று உனக்கு மணி அடிக்க வேண்டும். நான் முதலில் கடைசிப் பெட்டிக்கு ஓடினேன். ஆமாம், ஓடினேன். பிளாட்பாரமே பார்த்தது, யாரும் சிரிக்கவில்லை. நீ இல்லை.

வர வேண்டியது முழுவதும் வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்க்காமல் வண்டி வந்துவிட்டது என்று ஸ்டேஷன் மாஸ்டர் எழுதக்கூடாது. நான் எழுதவில்லை. மணியும் அடிக்கவில்லை. உருண்டையை இயந்திரத்திலும் போடவில்லை. இத்தனை வருஷ சர்வீஸில் முதல்முறை. கம்பியை அறுத்தபோது உருண்டை என் சட்டைப் பையில் இருந்தது. இப்போதும் இருக்கிறது. பை கிழிந்துவிடும்போல் கனக்கிறது, நீ வந்து தைத்துக் கொடு.

கம்பியை அறுத்தவனுக்கு இந்தத் தொழில் தெரியாது. புது உருண்டை விழத்தான் கம்பி வேண்டும். ஏற்கெனவே வெளியே இருக்கும் உருண்டைக்கு எந்தக் கம்பியும் வேண்டாம். போகவும் வரவும், அதை வைத்திருப்பவனுக்குத்தான் லைன் சொந்தம். ஒப்பந்தம் 31 வரை உயிரோடு இருக்கிறது. கையில் டோக்கன் உள்ள வண்டியைப் பாலத்தில் யாரும் நிறுத்தக்கூடாது. இரண்டு தளபதிகளின் கையெழுத்தோடு என்னிடம் நகல் இருக்கிறது. சுடமாட்டார்கள் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. இன்ஜினில் டிரைவருக்குப் பக்கத்தில், அந்தப் பெரிய தொப்பியோடு, உருண்டையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானே நிற்கப் போகிறேன். சுடுபவன் என் முகத்தைப் பார்த்துச் சுடட்டும்.

வந்தவர்களைப் பதிய மேஜிஸ்ட்ரேட் முதலில் மறுத்தார். புக்கிங் கிளார்க் போய் அவர் வாசலில் உட்கார்ந்துவிட்டான். நேற்று எல்லோரையும் பதிந்துவிட்டார்கள். சம்மட்டியக்காவிடம் சொல், இங்கே அவளுக்கு இடம் இருக்கிறது. அவள் கேட்ட கேள்விக்கு மட்டும் எனக்கும் பதில் தெரியவில்லை என்று சொல்.

செப்டம்பர் முதல் தேதி நான் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும், விசாரணை என்று உத்தரவு வந்திருக்கிறது. வரட்டும். 31 முடியும்வரை இந்த ஸ்டேஷனுக்கு மாஸ்டர் நான்தான்.

அந்தக் கூடுதல் மணி என்னவென்று நேரில் சொல்கிறேன்.

நான் வந்து கூப்பிடாமல் வரமாட்டேன் என்றாய். லீவு சாங்ஷன் ஆகவில்லை. ஆனாலும் 31 காலையில் வருகிறேன். எல்லோரையும் ஏற்று. குழந்தைகளை நடுவில் உட்காரவை. சம்மட்டியக்கா ஏறட்டும், உன் அண்ணன் வீட்டிலும் வருவதானால் ஏறட்டும். எல்லோருக்கும் பிறகு நீ நிதானமாகப் பெட்டியைப் பூட்டு, அண்ணியிடம் சொல்லிக்கொள், எதையாவது மறந்திருந்தால் திரும்பிப் போய் எடுத்துக்கொள்.

ஓடி வராதே. வண்டியை நிறுத்தி வைக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்